தில்லைநாதன் பிடித்த மின்திருட்டு

தில்லைநாதன் முப்பத்து நாலு வருஷம் மின்வாரியத்தில் இருந்தவர். கடைசிப் பதினோரு வருஷம் திருட்டுக் கரண்ட் பிடிக்கிற வேலை. கம்பியில் கொக்கி போட்டவன், மீட்டருக்குள் குச்சி செருகியவன், வயலுக்கு வாங்கிய இணைப்பில் செங்கல் சூளைக்கு விளக்கெரித்தவன் என்று கடலூரிலிருந்து திட்டக்குடி வரை அவரிடம் மாட்டாத ஆள் குறைவு. மாட்டியவர்களில் ஒரு நிரபராதிகூட இல்லையா என்று யாராவது கேட்டால், "நிரபராதி வூட்டுக்கு நான் ஏன்யா போகப் போறேன்?" என்பார். அதற்குமேல் அந்தப் பேச்சு நகராது.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு அம்பாசடர் வாங்கினார். எழுபத்து நாலாம் வருஷத்து வண்டி. சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் இருக்கிற சந்தில், கேட்டுக்கு உள்ளே, தகரக் கொட்டகையில் அது நிற்கும். ஐப்பசி பிறந்து இரண்டாம் நாள் காலையில் சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி காலி. சந்தே கூடித் தள்ளி ஸ்டார்ட் பண்ணியது. மறுநாளும் தள்ளல். புது பேட்டரி வாங்கிப் போட்டார். அதுவும் விடிவதற்குள் செத்துப்போனது.

"பழைய வண்டிங்க, அப்படித்தான் இருக்கும்" என்றாள் மனைவி தமிழ்ச்செல்வி.

"வண்டிக்கு வயசாகும். கரண்ட்டுக்கு ஆகுமா? அது தானாப் போகாது செல்வி. எவனோ எடுக்குறான்."

மறுநாள் காலை ஐந்து மணிக்கு பானெட்டைத் தூக்கிக் கையை விட்டுப் பார்த்தார். இன்ஜின் ஓரத்தில் உருண்டையாக இருக்கிற டைனமோ சூடாக இருந்தது. ஊரே மழை ஈரத்தில் நடுங்கும்போது இது மட்டும் ஏன் சூடு? ராத்திரி எவனோ வண்டியை ஓட்டியிருக்கிறான்.

அந்த வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் ராஜ்கமல். தமிழ்ச்செல்வியின் தம்பி, மாடி அறையில் இருப்பவன், செல்போன் கடையில் வேலை. வண்டியின் இரண்டாவது சாவியும் அவனிடம்தான். வெள்ளிக்கிழமை அவனுக்கு நிச்சயதார்த்தம். அண்ணாகிராமத்து முந்திரி விவசாயி ஆண்டியின் மகள் இசைவாணியோடு. அப்பா இல்லாத பையன் என்பதால், அக்கா புருஷன் தில்லைநாதன்தான் நின்று தட்டு மாற்ற வேண்டும்.

கல்யாணம் ஆகப்போகிற பையன் ராத்திரியில் வண்டி எடுத்துக்கொண்டு எங்கே போகிறான்? தில்லைநாதன் விசாரணையில் இறங்கினார்.

ராத்திரி கிலோமீட்டர் எண்ணைக் குறித்து வைத்தார். காலையில் அதே எண். வேறு ஆளாக இருந்தால் நிம்மதியாகக் காபி குடித்திருப்பார். தில்லைநாதனோ ஓடாத மீட்டர்களிலேயே பிழைத்தவர். மீட்டர் ஓடவில்லையென்றால் திருட்டு இல்லையென்றா அர்த்தம்? மீட்டர் கேபிளைக் கழற்றியிருக்கிறான். கேட்டில் கறுப்பு நூல் கட்டிப் பார்த்தார். நூல் அறுபடவில்லை. அவிழ்த்துத் திரும்பக் கட்டியிருக்கிறான். டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தார். பெட்ரோல் குறையவில்லை. எடுத்த அளவு ஊற்றி வைத்திருக்கிறான். அவருக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

செய்யாத ஒன்று, ராஜ்கமலிடம் கேட்பது. கேட்டால் ஆள் உஷாராகிவிடுவான் என்பது அவருடைய தொழில் சூத்திரம். அதற்குப் பதிலாக ஆண்டிக்குப் போன் போட்டார்.

"பையனைப் பத்தி ஒரு சின்ன விசாரணை ஓடிக்கிட்டு இருக்குங்க. ராத்திரி நடமாட்டம். அது முடியட்டும், அப்பறம் தட்டு மாத்திக்கலாம்."

"நீங்க தட்டு எடுத்தாத்தான் நாங்க எடுப்போம்" என்று வைத்துவிட்டார் ஆண்டி.

செய்தி இசைவாணி வழியாக அன்று சாயங்காலமே ராஜ்கமலுக்கு வந்தது. நேராக வந்து நின்றான்.

"நான் என்னா செஞ்சேன்னு சொல்லிட்டாவது நிறுத்துங்க மாமா."

"அத நீதான் சொல்லணும் மச்சான்."

"எத?"

"பாத்தியா செல்வி? எதன்னு கேக்குறான். அப்ப ஒண்ணுக்கு மேல இருக்குது."

தமிழ்ச்செல்வி கரண்டியோடு வெளியே வந்தாள். "வெள்ளிக்கிழம என் தம்பிக்குத் தட்டு மாத்தல, சனிக்கிழமலேந்து இந்த வூட்டுல அடுப்பு எரியாது" என்று சொல்லிவிட்டு, திருப்பாதிரிப்புலியூரில் பழைய வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்யும் ரஃபியுதீனை அவளே போனில் பிடித்தாள்.

ரஃபியுதீன் வியாழக்கிழமை டிவிஎஸ்ஸில், சார்ஜ் ஏற்றிய பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்தார். வண்டியைத் தொட்டு இரண்டு நாளாகியிருந்தது. பேட்டரியை வைத்து, வயரை முனையில் தொட்டதும் 'சுள்' என்று நெருப்புப் பொறி.

"சாவி எங்க சார்?"

"ரெண்டும் என் பாக்கெட்ல. இன்னொண்ணையும் முந்தாநாளே வாங்கி வச்சிட்டேன்."

"லைட்டு கிட்டு எதுவும் எரியல. அப்ப யாரு கரண்ட் குடிக்கிறது?"

"அதத்தான் பாய் நானும் கேக்குறேன்!"

"டீ சொல்லுங்க."

டீ குடித்தார். பேப்பர் படித்தார். அரை மணி கழித்து, "டைனமோல கை வைங்க" என்றார். தில்லைநாதன் வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். சுட்டது.

"ரேடியேட்டர்?" ஜில். "சைலன்சர்?" அதுவும் ஜில்.

"வண்டி ஓடுனா எல்லாந்தானே சார் சுடணும்? நாம இங்கதான ஒக்காந்திருக்கோம். எவன் ஓட்டுனது?"

தில்லைநாதன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்கள என் மச்சான் வந்து பாத்தானா?"

"யாரு சார் மச்சான்?"

ரஃபியுதீன் பானெட்டுக்குள் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். அதன் பெயர் கட்-அவுட். இன்ஜின் ஓடும்போது கதவைத் திறந்து டைனமோவின் கரண்ட்டைப் பேட்டரிக்கு அனுப்பும். நின்றதும் கதவைச் சாத்திவிடும். உள்ளே இரண்டு முனைகள் உருகி ஒட்டிப்போய், கதவு திறந்தது திறந்தபடி நின்றது. ராத்திரி முழுக்கப் பேட்டரி கரண்ட் பின்பக்கமாக டைனமோவுக்குப் போய் அதைச் சூடாக்கியிருக்கிறது.

"அப்ப திருடன்?"

"திருடனும் இல்ல ஒண்ணும் இல்ல சார். ஊட்டுக்குள்ளயே குடுக்கல் வாங்கல். நீங்க வெளியில தேடிருக்கீங்க." மெல்லிய அரத்தால் முனைகளைப் பிரித்துத் தேய்த்து மூடினார்.

வெள்ளிக்கிழமை காலை டைனமோ மண்பானை மாதிரிக் குளிர்ந்திருந்தது. ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. தமிழ்ச்செல்வியும் ராஜ்கமலும் ஏறிக்கொள்ள, அண்ணாகிராமம் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆண்டி வீட்டு முற்றத்தில் பந்தல். இரண்டு பக்கமும் தட்டுகள் தயார். யாரும் தொடவில்லை.

"விசாரண என்னாச்சுங்க?" என்றார் ஆண்டி.

பதினோரு வருஷத்தில் ஒரு கேஸையும் வாபஸ் வாங்காதவர் எழுந்து நின்றார். "ஆளப் பிடிச்சாச்சு. கட்-அவுட்!" என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் விளக்கினார். மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கும் வரவில்லை.

ஆண்டி பொறுமையாகக் கேட்டார். "எல்லாஞ் சரி. ஒரு பொட்டி கெட்டுப்போச்சுங்கிறதுக்காவ மாப்ள ராத்திரில எங்கியும் போகலன்னு ஆயிடுமா? போன் போட்டதே நீங்கதான?"

"கிலோமீட்டர் நகரலிங்களே!"

"அது என்னாங்க, மீட்டர நிறுத்த முடியாதா? எங்க முந்திரிக் கொட்டாய் மீட்டரக்கூட ஒரு தடவ காந்தம் வச்சு..."

ஆண்டி நிறுத்திக்கொண்டார். ஆனால் சொல்லியாகிவிட்டது. தில்லைநாதனின் காது விடைத்தது. கை தானாகச் சட்டைப்பை பேனாவுக்குப் போனது. தமிழ்ச்செல்வி அவரைப் பார்த்தாள். ராஜ்கமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேனா பையிலேயே நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு திருட்டைக் காதில் வாங்காதவர்போலத் தில்லைநாதன் உட்கார்ந்தார்.

அப்போது உள்ளேயிருந்து இசைவாணி வந்தாள். நிச்சயப் புடவையோடு, யாரிடமும் கேட்காமல், ராஜ்கமல் முன்னால் நின்றாள்.

"ராத்திரில எங்கனா போறீங்களா?"

"இல்லிங்க. கட சாத்திட்டு வந்தா படுத்துருவேன்."

"சரி." அப்பா பக்கம் திரும்பினாள். "தட்ட எடுப்பா."

இத்தனை நாளில் அவனிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

தட்டு மாறியது. சாப்பாடு முடிந்து வெளியே வந்ததும் தில்லைநாதன் கார் சாவியை நீட்டினார். "நீ ஓட்டு மச்சான்."

"வேணாம் மாமா. பண்ருட்டிக்குப் போனா பஸ் இருக்கு."

அவன் நடந்தான். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த தமிழ்ச்செல்வி கதவைத் திறந்து இறங்கி, "நில்லுடா, நானும் வர்றேன்" என்று பின்னாலேயே போனாள்.

தில்லைநாதன் சாவியைத் திருப்பினார். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. தள்ள ஆள் தேவைப்படவில்லை.