மீன்சந்தைக்காரனின் ஒன்பதாவது சுற்று: மாம்புரிக்கு ஒரு பயணம்

“ஐயா, உங்கட கட்டுரையால மாம்புரிக்கு லொறி வாறதில்ல. நீங்களே வந்து ஒரு வழி பண்ணுங்க.” இரண்டாம் உலக யுத்தம் முடிந்த அடுத்த தை மாதத்தில் எனக்கு வந்த தபால் அட்டையில் இவ்வளவுதான் இருந்தது. கீழே சூசை மரியான், கரைவலைச் சம்மாட்டி என்று கையொப்பம். அதாவது மாம்புரிக் கரையில் வலையும் தோணியும் அவருடையவை, நாற்பது பேர் அவருக்கு வலை இழுக்கிறார்கள்.

நான் கொழும்பில் ஞாயிறு தோறும் பழைய ஆங்கிலக் குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி எழுதுகிறவன். அதிலும் நூற்றறுபது இறாத்தலைத் தாண்டாத மிடில் வெயிட்காரர்கள் என்றால் எனக்கு உயிர். ஒரு சண்டையைக்கூட நேரில் பார்த்ததில்லை. கப்பலில் வரும் ஆங்கிலச் சஞ்சிகைகளைப் படித்துத்தான் இத்தனை வீறாப்பும். அப்படிப்பட்டவன் எழுத்தால் ஒரு லொறி நிற்குமா? முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அட்டையை இன்னொரு தடவை வாசித்தேன். கடைசி மூன்று கட்டுரைகளுக்கு உதவிய சஞ்சிகைகளைப் பையில் திணித்துக்கொண்டு வியாழக்கிழமை புறப்பட்டேன்.

கோட்டையில் காலை ஆறரைக்கு ரயில். மூன்றாம் வகுப்பு, ஒரு ரூபாய் எண்பது சதம். சிலாபம் தாண்டியதும் பெட்டி காலியாகிவிடும், காலை நீட்டிக்கொள்ளலாம். பன்னிரண்டுக்குப் புத்தளத்தில் இறங்கினேன். இறங்கியிருக்கக் கூடாது. கற்பிட்டி வீதி பிரிகிற பாலாவியிலேயே ரயில் நிற்கிறது. விஷயம் தெரியாமல் புத்தளம் வரை போய், ஒண்ணேகாலுக்கு பஸ் பிடித்து, வந்த வழியே திரும்பினேன். மாம்புரிக்குப் பதினைந்து மைல் சொச்சம், நாற்பத்தைந்து சதம். பாதி வழி மணல், மீதி வழி பள்ளம்.

“மாம்புரிக்கா? சண்டை நடக்கிற ஊருக்கா போறீங்க?” என்றார் கண்டக்டர். என்ன சண்டை என்று ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டேன்.

அவர் சொன்ன கதை இது. மரியானுடைய மீனைத் தினமும் புத்தளத்துக்கு ஏற்றுகிறவர் இஸ்மாயில் நானா, தென்னந்தோட்டமும் லொறியும் உள்ளவர். யுத்த காலத்தில் இருவரும் புத்தளத்து வெள்ளைக்காரர் முகாமுக்குத் தேங்காயும் மீனும் கொடுக்கப் போய், சிப்பாய்கள் குத்துச்சண்டை போடுவதைப் பார்த்துப் பித்துப் பிடித்துத் திரும்பியவர்கள். அன்றிலிருந்து ஒரே வாதம். நானாவுக்கு வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கக்காரன்தான் வீரன்: விலாவில் குத்தினால் எதிராளி மடங்குவான். மரியானுக்கு லண்டன் மீன்சந்தையில் கூடை சுமந்தவன்: இடது கை மின்னல். “உன்ட ஆள் காலை நகத்தவே மாட்டான், அதால தோத்தான்.” “உன்ட ஆள்ட தோல் கடதாசி, தொட்டாலே கிழியும்.” இப்படி நாலு வருஷம் கதைத்தும் முகம் சுளித்ததில்லை.

“அதுக்குள்ள ஒரு பேப்பர்காரன் எழுதிட்டான் ஐயா, ஒன்பதாவது ரவுண்டில மீன்சந்தைக்காரன் பயந்து கையைத் தூக்கினான் எண்டு. நானா அதைக் கரையில நிண்டு எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினார். ‘மீன்காரன் பயந்தாங்கொள்ளி, பேப்பரே சொல்லுது’ எண்டார். வலை இழுக்கிற அவ்வளவு பேரும் நிக்கிறாங்கள். சம்மாட்டிக்குச் சுரீரெண்டு ஏறிட்டுது. ‘அப்ப மீன்காரன்ட மீன உங்கட லொறியில ஏத்தாதீங்க’ எண்டிட்டார்.”

இருபது நாளாக நல்ல மீனெல்லாம் கருவாடாகக் காய்கிறதாம். ஆட்கள் உடப்புப் பக்கம் வேறு வலைக்குப் போகப் பார்க்கிறார்களாம். அவர்கள் போனால் மரியானின் வலை இந்தப் பருவத்தோடு சரி. “அந்தப் பேப்பர்காரன் மட்டும் என்ட கையில அகப்படட்டும்!” என்றார் கண்டக்டர். நான் பயணச் சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பையிலிருந்த சஞ்சிகையில் உள்ளது இதுதான்: ஒன்பதாவது சுற்றில் இமை கிழிந்து கண் மூடிவிட்டது, நடுவர் சண்டையை நிறுத்தினார். பயம் என்னுடைய கைச்சரக்கு. வெறும் காயத்தால் தோற்றான் என்றால் சப்பென்று இருக்குமே என்று நான்தான் சேர்த்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

மூன்று மணிக்கு இறங்கி நேரே நானா வீட்டுக்குப் போனேன். நான்தான் அந்த ஆள் என்றதும் உட்காரக் கதிரையைக் காட்டினார். எல்லாவற்றையும் சொன்னேன். “அப்பவும் நீங்கதான் வாசிச்சு எழுதினீங்க, இப்பவும் நீங்கதான் வாசிக்கிறீங்க. எதை நம்புற?” என்றார். சஞ்சிகையிலிருந்த படத்தை நீட்டினேன். ஒரு கண் முழுக்க இரத்தம், நடுவர் பிடித்து இழுக்கிறார், மீன்சந்தைக்காரன் அவர் கையைத் தள்ளிவிட்டு எதிராளியிடமே போகப் பார்க்கிறான். நானா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். “இது பயந்தவன்ட மூஞ்சா? அல்லாஹ்வே, நான் என்னத்தக் கதைச்சிட்டேன்!” சஞ்சிகையை என்னிடம் திருப்பித் தரவில்லை.

மரியான் வீட்டில் அன்றிரவு பாணும் தொட்டுக்கொள்ளச் சூரை மீன் ஆணமும் கிடைத்தது, ஏச்சு ஒன்றும் கிடைக்கவில்லை. “நானா வருவாரா?” என்று ஒரே ஒரு கேள்வி. தெரியாது என்றேன். மனிதர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார்.

காலை ஆறு மணிக்குக் கரையில் வலை இழுபட்டுக்கொண்டிருந்தபோது லொறி ஹோர்ன் கேட்டது. நானா இறங்கி வந்தார். சஞ்சிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு, வலைக் கயிற்றைப் பிடித்து நின்ற ஒவ்வொருவரிடமும் போய்ப் படத்தைக் காட்டினார். “நல்லாப் பாருங்க. நான் கதைச்சது பிழை.” நாற்பது பேரிடமும் நாற்பது தடவை சொன்னார். கடைசியில் மரியான் முன் வந்தபோது குரல் கம்மிவிட்டது. மரியான் படத்தைப் பார்க்கவே இல்லை. “மீன ஏத்துங்க நானா, வெயில் வருது” என்றார். கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான், அதை மறைப்பானேன்?

பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படி ஒரு ஏச்சை நான் என் தகப்பனிடம்கூட வாங்கியதில்லை. ஏசி முடித்து வலைக் கயிறு இழுக்க விட்டார்கள். கயிற்றைத் தொட்டவனுக்குக் கறிக்கு மீன் உண்டு என்பது அந்தக் கரையின் வழக்கம். கை கொப்பளித்தபின் எனக்கும் ஒரு கை மீன் அள்ளிப் போட்டார் மரியான். கெடுதல் செய்தவனுக்கும் பங்கு வைத்த கைகளுக்கு நான் என்ன சொல்லி நன்றி சொல்ல?

போகிறவர்களுக்கு: பாலாவியிலேயே இறங்குங்கள். தை, மாசியில் கடல் அமைதி, வலை தினமும் விழும். தலவிலத் தேவாலயத் திருநாள் சமயத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமிராது. தொப்பி கொண்டுபோங்கள். கயிற்றைப் பிடிக்கத் தயங்காதீர்கள்.

புறப்படும்போது மரியான் சொன்னார்: “ஒருத்தன் ஏன் தோத்தான் எண்டு தெரியாட்டி, தெரியாதெண்டு போடுங்க ஐயா. மிச்சத்த நானாவும் நானும் கதைச்சுக்கொள்ளுறம்.” திரும்பி வந்து ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தேன். விளையாட்டுப் பக்கத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள். பயணக் கட்டுரைக்கு இடம் இருக்கிறது என்றார்கள். ஆகவே ரயில் நேரத்தோடும் பஸ் கட்டணத்தோடும் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்பதாவது சுற்றில் மீன்சந்தைக்காரன் பயப்படவில்லை. கண் தெரியாமலும் முன்னேதான் போனான். பயந்தான் என்று எழுதியவன் நான்.