கல்முனை வட்டம்

ஜின் இல்லை என்று நான் சொல்லவில்லை, அது ஈமானில், எங்கள் மார்க்க நம்பிக்கையில் உள்ள விஷயம். ஆனால் "நான் கண்டேன்" என்று எவராவது தொடங்கினால் எத்தனை மணிக்கு, லைட் எரிந்ததா, சாட்சி யார் என்று கேட்டு அவரை ஒரு வழி பண்ணிவிடுகிற ஆள் நான். இப்போது நீங்களும் என்னை அப்படித்தான் கேட்கப் போகிறீர்கள். கேளுங்கள், என்னிடம் சாட்சி இல்லை.

எனக்கு வேலை மின்சாரக் கட்டுப்பாட்டு அறையில். கம்பிகளில் ஓடும் மின்சாரம் சிலவேளை ஊஞ்சல் மாதிரி ஆடத் தொடங்கும், அடங்காவிட்டால் கரையோரம் முழுக்க இருட்டாகிவிடும். அதைக் கண்ணால் காண எங்களுக்கு ஒரு திரை இருக்கிறது, ஊருக்கு ஒரு வட்டம். ஆட்டம் வந்தால் வட்டம் விரிந்து சுருங்கும், அலாரம் கத்தும். பக்கத்து வட்டங்கள் சும்மா இருக்க ஒன்று மட்டும் ஆடினால் அது ஆட்டமே இல்லை, அளக்கிற கருவியின் பிழை, மியூட் பண்ணிவிட வேண்டியதுதான்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மருதமுனை வீட்டிலிருந்து தங்கச்சி பஸ்லா கோல் எடுத்தாள்.

"காக்கா, வாப்பாக்கு மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு. உங்களத்தான் கேக்காரு. கெதியா வாங்க."

எப்படி வருவது? அடுத்த ஷிப்டுக்கு வந்து என்னை மாற்ற வேண்டியவரின் பைக் சம்மாந்துறையில் பழுதாகி நின்றுவிட்டது, அறையில் நான் தனி, எழும்பிப் போக முடியாது.

"ஃபோன வெட்டாத பஸ்லா. வாப்பாட வாய்க்கிட்ட வை" என்றேன்.

லவுட்ஸ்பீக்கரில் வாப்பாவின் மூச்சு அறை முழுக்கக் கேட்டது. பெற்ற வாப்பா அங்கே திணற நான் இங்கே ஏசி அறையில் குந்திக்கொண்டிருக்கிறேன், அந்த இயலாமையை எந்தப் பிள்ளைக்கும் அல்லாஹ் தரக்கூடாது. அப்போதுதான் கல்முனை வட்டம் ஆடத் தொடங்கியது. எங்கள் வீட்டுக்குக் கரண்ட் போவதும் அங்கிருந்துதான். நிந்தவூர் அசையவில்லை, அக்கரைப்பற்று அசையவில்லை. நம்பினால் நம்புங்கள், வாப்பா மூச்சை இழுக்கும்போது வட்டம் விரிந்தது, விடும்போது சுருங்கியது. விரல் மடக்கி எண்ணினேன், ஒன்றுகூடப் பிசகவில்லை.

அலாரம் விடாமல் கத்த, வாப்பாவின் மூச்சு எனக்குக் கேட்காமல் போனது. அதைக் கேட்க வேண்டும் என்றுதான், சத்தியமாக வேறெதற்கும் இல்லை, மியூட்டை அழுத்தினேன்.

வட்டம் சாம்பல் நிறமானது. அலாரம் நின்றது. ஃபோனிலும் ஒன்றும் கேட்கவில்லை. லைன் வெட்டிவிட்டது என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன், வெட்டவில்லை. பிறகு பஸ்லா குழறி அழுவது கேட்டது.

ஜனாஸா அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் அன்றைய பதிவைத் தேடி எடுத்தேன். கல்முனையின் கோடு அந்த நேரம் முழுக்க நேராகக் கிடந்தது. ஆட்டமும் இல்லை, அலாரமும் இல்லை. ஒரே ஒரு வரிதான் இருந்தது: கல்முனை மியூட் பண்ணப்பட்டது, பக்கத்தில் என் பெயர்.

அதன் பிறகு அந்தப் பட்டனில் நான் கை வைப்பதில்லை, கூட வேலை செய்பவர்களைக் கூப்பிடுகிறேன், அவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் பஸ்லாவிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை. வாப்பாவின் கதை வரும்போதெல்லாம் அவள் சொல்வது ஒன்றுதான்.

"கடைசில மூச்சு நல்லாத்தான் வந்திச்சி காக்கா. ஆரோ கைய வெச்சி நிப்பாட்டின மாதிரி நிண்டுட்டு."