சோலையப்பன் பிரித்த ஒன்றரை ஏக்கர்

அக்கா தங்கைகளை அழாமல் கையெழுத்துப் போட வைப்பதில் திருமயம் பத்திர எழுத்தர் சோலையப்பன் மகா கெட்டிக்காரர். "சீர்வரிசைகளை முழுமையாகப் பெற்றுக்கொண்டபடியால், யாருடைய தூண்டுதலும் இன்றி என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன்" என்ற வரி அவர் கணினியில் எப்போதும் தயாராக இருக்கும். பெயரை மட்டும் மாற்றுவார். பெண்ணுக்கும் சமபங்கு என்ற சட்டம் அவருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். "சட்டம் கெடக்கட்டும். பங்கு வாங்குனா நாளைக்குத் தாய்மாமன் சீர் வராதும்மா" என்று அன்பாகச் சொல்வார்.

போன மாதம் அந்த வரியில் தன் தங்கை அழகியின் பெயரையே போட்டார். அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர், அதில் ஒரு கிணறு. அழகி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"தூண்டுதல் இல்லாமலா? மதினி நேத்து மூணு தடவை போன் பண்ணாங்களேண்ணே?"

"அது சும்மா எழுதுறதும்மா. ஊர் வழக்கம்."

"அப்ப வழக்கப்படியே செய்வோம். மூத்தவுக பிரிக்கணும், எளையவுக மொதல்ல எடுக்கணும். நீங்கதானே எல்லாருக்கும் சொல்லுவீங்க?"

'அது அண்ணன் தம்பிக்கு' என்று வாய்வரை வந்தது. ஆனால் அதே வழக்கப்படி பாகம் பிரிக்க வந்திருந்த அண்ணன் தம்பி இருவர் பெஞ்சில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு ஒரு வழக்கம், தன் வீட்டுக்கு ஒரு வழக்கமா என்று அவர்கள் கேட்டுவிட்டால் தொழில் என்னாவது? சோலையப்பன் சர்வேயருக்குப் போன் போட்டார்.

மறுநாள் சர்வேயரோடு வயலில் இறங்கினார். கிணற்றை வடக்குப் பங்கில் சேர்த்தார்; அழகி அதைத்தான் எடுப்பாள். தெற்கில் சேர்த்தார், அப்போதும் அதைத்தான் எடுப்பாள். மத்தியானம்வரை மண்டையை உடைத்துக்கொண்டு, ஆளுக்கு முக்கால் ஏக்கர், கிணறு பொது என்று முடித்தார். முப்பது வருடத்தில் அவர் இவ்வளவு நியாயமாக எதையும் பிரித்ததில்லை.

அழகி வடக்கை எடுத்தாள். பத்திரம் பதிவானது. நிலமும் போச்சு, தங்கையும் போனாள் என்று சோலையப்பனுக்கு மனசு கனத்துப்போயிற்று. வெளியே வந்ததும் அழகி பையிலிருந்து மகள் கார்த்திகாவின் கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள்.

"தாய்மாமன் சீரோட மொத நாளே வந்துருங்கண்ணே."

"பங்கும் வாங்கிக்கிட்டு சீருமா?"

"பங்கு அப்பா குடுத்தது. சீரு எங்கண்ணன் குடுக்குறது."

சோலையப்பன் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, பதிவு அலுவலக வாசலில் எல்லாரும் பார்க்க அழுதார்.