டிராயிங் சாரின் தலைப்பாகை

அன்று எங்கள் ஹைஸ்கூலுக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். தற்காலிக வாத்தியாரான என் வேலை நிரந்தரமாவது அவர் எழுதும் குறிப்பில் இருந்தது. தலைப்பாகை இல்லாமல் ஆசிரியர் வகுப்புக்குப் போகக்கூடாது என்பது விதி. என்னுடையதோ, கரமனைப் பாலத்தில் அடித்த காற்றில் ஆற்றோடு போய்விட்டது.

வெறும் தலையோடு ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே டிராயிங் சார் மட்டும் இருந்தார். சாப்பிடும்போதுகூடத் தலைப்பாகையைக் கழற்றாத மனிதர். "உறங்கும்போதாவது கழற்றுவீரா?" என்று தினமும் கேட்டுச் சிரிப்பவன் நான்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். தலைப்பாகையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பாதித் தலையில் முடியே இல்லை. பழைய தீக்காயம் சுருங்கிப் பளபளத்தது.

தலைப்பாகையைக் கையில் பிடித்தபடியே எழுந்தேன்.

"வேகம் போங்க சாரே, மணி அடிச்சாச்சு. என் கிளாசுக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டார்."

"பிள்ளைகள் பார்ப்பாங்களே?"

"சிரிப்பாங்க. ஒரு நாள்தானே!"

என் வகுப்புக்கு அடுத்த அறைதான் அவருடையது. இன்ஸ்பெக்டர் முன்னால் பாடம் நடத்தியபடியே, சுவருக்கு அப்பால் சிரிப்புக் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மணி அடிக்கும்வரை கேட்கவே இல்லை.

வேலை நிரந்தரமாயிற்று. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தவன் நான் ஒருவன்தான்.