கிளுவை வேலிக்குள் ஒரு போன் வயர்

வீட்டுப் போனில் அந்தக் குரல் ஒரு சொல்கூட உடையாமல் வந்தபோதுதான் எனக்கு யோசனை பிடித்தது.

அதற்குக் கொஞ்சம் முன்னர் அக்கா கிணற்றடி முருங்கைக் கொப்பில் கைபேசியைக் கட்டிவைத்து ஒரு வகுப்பு எடுத்திருந்தாள். வெளிநாட்டில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் படிப்பிக்கிற வேலை. அதற்கான மாதிரி வகுப்பு. முள்ளியவளையில் எங்கள் ஒழுங்கைத் தெருவுக்குள் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம் கிணற்றடிதான். பின்னேரமானால் ஊர் முழுக்கப் படம் பார்க்கத் தொடங்கும், அங்கேயும் ஒன்றும் மிஞ்சாது. "ழ" சொல்ல நாக்கை எப்படி மடிக்கவேண்டும் என்று அக்கா காட்டிக்கொண்டிருக்கும்போது படம் அப்படியே நின்றுவிட்டதாம். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டு, குசினிக்குள் போய்த் தேங்காய் துருவத் தொடங்கினாள். யாரும் கேட்காமல் அக்கா தேங்காய் துருவினால் அவளோடு கதை கொடுக்கக்கூடாது.

அப்போதுதான் போன் அடித்தது. எங்கள் வீட்டுப் போன் அடித்தால் முதலில் எடுப்பது வேலிக்கு அங்கால் இருக்கிற மாமி, அப்பாவின் தங்கச்சி. அவவின் வீட்டிலும் அதே நம்பருக்கு ஒரு போன் இருக்கிறது. எடுத்து, ஆர் எவர் என்று விசாரித்து, எங்களுக்கென்றால் வேலியால் கூப்பிடுவா. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதுதான் முறை.

"எடி பெரியவள், வகுப்புக்காரர் எடுத்திருக்கினம். மூக்கை உறிஞ்சிப்போட்டுக் கதை."

அக்கா போனை எடுத்தாள். நானும் பக்கத்தில் காதை ஒட்டினேன். வகுப்புகளுக்குப் பொறுப்பான அம்மா தன்மையாகத்தான் கதைத்தா. "பிள்ளை, உங்கட படிப்பிப்பு நல்லாயிருக்குது. லைன்தான் சரியில்லை. வாற சனிக்கிழமை இன்னொருக்கா எடுங்கோ. அதுவும் இப்பிடியெண்டால் நாங்கள் வேற ஆளைத்தான் பாக்கவேணும்."

வேறு ஆளைப் பார்த்தால் திங்கட்கிழமை விடிய காமென்ற்ஸ் பஸ், தையல் தொழிற்சாலைக்கு. அக்கா ஏற்கனவே பெயர் கொடுத்திருந்தாள். அந்த வேலையை அவள் குறைவாகச் சொன்னதில்லை. அவளுடைய சிநேகிதிகள் பாதிப்பேர் அங்கேதான். ஆனால் ஒழுங்கைப் பிள்ளைகளைப் பிடித்து இருத்தி வைத்து, விளையாட்டுக்குக்கூட ரீச்சராகத்தான் இருந்தவள் அவள்.

எனக்கோ வேறு ஒன்று மண்டைக்குள் ஓடியது. எவ்வளவு தெளிவான குரல். இந்தச் செப்புக் கம்பி சும்மா கிடக்கிறதே.

அடுத்த நாளே முல்லைத்தீவில் இருக்கிற போன் அலுவலகத்துக்குப் போய், எங்கள் போன் லைனில் இணையமும் போட்டுத்தரக் கேட்டேன். லைனைத் திறந்துவிடலாம், மோடம் வரத்தான் சுணங்கும், பழையது ஏதும் இருந்தால் பாவியுங்கோ என்றார்கள். பழையது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். சந்தியில் எலெக்ரிக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணரிடம், எங்களுக்கு அவர் நானா, முன்பு இணையம் இருந்தது.

"நானா, அந்த மோடம் கிடக்கோ?"

"கிடக்கு. வைபை இல்லாத சாமான். மஞ்சள் வயரைக் குத்தித்தான் பாவிக்கவேணும்."

"வேலை செய்யுமோ?"

"கழட்டேக்க வேலை செய்தது. இனி உன்ர கைராசி."

போனுக்குப் பூட்டுகிற பில்ரர் என்ற சின்னப் பெட்டியையும் தேடித் தந்தார். ஒரே கம்பியில்தான் கதையும் இணையமும் வரும். அது இரண்டையும் பிரித்துவிடும். இல்லாவிட்டால் ஒன்றின் காலை மற்றது மிதிக்கும். "ஒண்டுதான் இருக்குது" என்றார். எங்கள் வீட்டில் போன் ஒன்றுதானே, காணும் என்றேன். பெரிய கெட்டித்தனமாய்ச் சொன்னேன்.

வந்து பூட்டினேன். முதல் லைற் பச்சை. இரண்டாவது, லைன் கிடைத்ததைச் சொல்கிற லைற், மினுங்கி மினுங்கிக் கடைசியில் நிலையாய் நின்றது. மூன்றாவது மட்டும் சிவப்பு. நானா கடையின் பாஸ்வேட் இன்னும் உள்ளே இருந்தது. அம்மாவின் சட்டை ஊசியால் பின்னால் இருந்த ஓட்டையைக் குத்திப் பிடித்து எல்லாவற்றையும் அழித்து, மஞ்சள் வயரை லப்டொப்பில் குத்தி, எங்கள் பெயரையும் பாஸ்வேட்டையும் போட்டேன். சிவப்பு பச்சையானது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "நிக்குமோ?"

"இரு, சோதிச்சுப்போட்டுச் சொல்லுறன்."

சோதிப்பு லேசு. லப்டொப்பில் ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்து 'பிங்' போட்டுவிட்டால், அது தூரத்தில் இருக்கிற ஒரு கணினியைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும். அங்கிருந்து பதில் வர வர வரி வரியாய் இறங்கும். இறங்கியது. நான் ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். பதில் இல்லை, பதில் இல்லை என்று வரிசையாய் நின்றது. இரண்டாவது லைற் செத்துப்போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாக வந்தது. பிறகும் செத்தது.

அந்தக் கிழமை முழுக்க இதுதான். வயரை மாற்றினேன், முனைகளைச் சுரண்டினேன். எங்கள் போனையே கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்தேன். அப்படியும் விழுந்தது. வேலிக்கு மேலால் மாமி வேறு: "சின்னவள், நீ என்னடி செய்தனி? என்ர போனுக்குள்ள சில்வண்டு கத்துது."

"அது லைன் அப்பிடித்தான் மாமி, சரியாகும்" என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை அக்கா காமென்ற்ஸுக்குப் போட்டுப்போகவென்று தன் செருப்பைக் கழுவி வெயிலில் வைத்தாள். அது எனக்குப் பிடிக்கவேயில்லை.

அன்றைக்கும் லைற் விழுந்தது. லைன்தான் செத்துவிட்டதோ என்று பார்க்க, கழற்றிய போனைத் திரும்பக் குத்திக் காதில் வைத்தேன்.

"...காலமை தொடக்கம் வயரோட கிடக்கிறாள். சாப்பாடும் இல்லை. அந்தப் பெட்டியையே கலியாணம் கட்டுவாள் போல."

மாமி. ஒட்டுசுட்டானில் இருக்கிற தன் சிநேகிதியோடு கதைக்கிறா. நான் போனை வைக்கவும் மறந்து நின்றேன். அவ கதைத்து முடித்து வைத்த சத்தம் கேட்டது. நானும் வைத்தேன். சற்று நேரத்தில் இரண்டாவது லைற் மினுங்கத் தொடங்கியது.

ஓடிப்போய் வேலியைப் பார்த்தேன். அப்பா எப்போதோ இழுத்துக் கொடுத்த வயர், கிளுவை இலைகளுக்குள் மறைந்து மாமி வீட்டு யன்னலுக்குப் போகிறது. எனக்கு அது தெரியாததல்ல. ஆனால் அதை நான் ஒரு வயராக நினைக்கவே இல்லை. மாமியின் குரலாகத்தான் நினைத்திருந்தேன். அவ போனைத் தூக்குகிற நேரமெல்லாம், பில்ரர் இல்லாத அந்த முனையால் எங்கள் லைன் விழுந்திருக்கிறது. சில்வண்டும் அதுதான்.

"வெட்டிவிடன்" என்றாள் அக்கா. சொன்னவுடனேயே, "வேண்டாம், வேண்டாம்" என்றாள். சனிக்கிழமைப் பின்னேரம் பிரான்சிலிருந்து மாமியின் மகன் எடுப்பது அந்தப் போனுக்குத்தான். அக்காவின் வகுப்பும் அந்த நேரம்தான்.

கதிரையில் ஏறி, வெளிக் கம்பி வீட்டுக்குள் வருகிற இடத்தைப் பார்த்தேன். அங்கேதான் எங்கள் போனுக்கும் மாமிக்கும் கிளை பிரிகிறது. பில்ரரை எங்கள் போனடியில் வைத்தால் எங்கள் போனுக்கு மட்டும். கிளை பிரிய முன்னாலேயே வைத்தால்? கம்பி வந்ததும் முதலில் மோடத்துக்கு ஒன்று. மற்றது பில்ரருக்குள் போய், அதற்குப் பிறகு இரண்டு வீட்டுப் போனுக்கும். ஒன்றே காணும். நானாவிடம் பெரிய கெட்டித்தனமாய்ச் சொன்னதும் பொய்யாகவில்லை.

மாற்றிக் கட்டிவிட்டு வேலியால் கூப்பிட்டேன். "மாமி, போனை ஒருக்கா எடுங்கோ."

"எடுத்தாச்சு. வண்டைக் காணேல்லை."

"வையுங்கோ. திரும்ப எடுங்கோ."

"உனக்கென்ன விசரே?" என்றபடி எடுத்தா, வைத்தா, எடுத்தா. கறுப்புப் பெட்டியில் பதில்கள் நிற்காமல் இறங்கின.

சனிக்கிழமை அக்கா நீலச் சேலை கட்டி, லப்டொப்புக்கு முன்னால் இருந்தாள். மஞ்சள் வயரை ஒருவரும் தடக்கக்கூடாதென்று அதன் பக்கத்தில் நான் நிலத்தில் இருந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராய் வந்தார்கள். போன கிழமை எங்கே நின்றதோ அங்கேயே, "ழ"வில், அக்கா தொடங்கினாள். பாதியில் வீட்டுப் போன் அடித்தது.

அக்காவின் கண் என்னிடம் வந்தது. நான் மோடத்தைப் பார்த்தேன். வேலிக்கு அங்கால் மாமி போனைத் தூக்கி, "ஓம் ராசா, சொல்லு" என்றது எங்கள் அறைக்கே கேட்டது. இரண்டாவது லைற் அசையவில்லை. திரையில் ஒரு சின்னப் பெட்டை நாக்கை மடித்து, "வாழைப்பழம்" என்றாள், பிழையில்லாமல்.

வகுப்பு முடிந்து, அடுத்த கிழமையிலிருந்து தொடங்குங்கோ என்று அந்த அம்மா சொன்ன பிறகு, அக்கா குசினிக்குள் போய்ச் சும்மா நின்றாள். தேங்காயைத் தொடவில்லை. செருப்பை எடுத்துவந்து கதவடியில், வழமையாய்ப் போடுகிற இடத்தில் போட்டாள்.

மாமி வேலியடிக்கு வந்தா. "அவன் சொல்லுறான், இண்டைக்குத்தான் என்ர குரல் வடிவாய்க் கேட்டதாம். தான் மெலிஞ்சுபோனதெண்டும் சொல்லுறான். மெலிஞ்சதோ இல்லையோ, நான் எங்க பாக்கிறது?"

அவன் பிரான்சுக்குப் போன பிறகு மாமி அவனுடைய முகத்தைக் கண்டது போட்டோவில் மட்டும்தான். கைபேசி வீடியோவில் காட்டினால் படம் நின்று நின்று வரும். அவ பயந்து அணைத்துவிடுவா.

மோடத்தின் பின்னால் வயர் குத்த இன்னும் மூன்று ஓட்டைகள் சும்மா இருக்கின்றன. வேலிக்குள் போன் வயர் போன வழியால் ஒரு நீள மஞ்சள் வயரும் போகும். அந்த முனையில் எங்கள் லப்டொப்பைக் குத்தினால் மாமி மகனின் முகத்தைப் பார்க்கலாம். இப்போது சிக்கல் எங்கள் அம்மாதான். "இடி இடிச்சால் ரெண்டு வீட்டையும் சேர்த்து எரிக்கப்போறியோ?" என்று கேட்கிறா. கேள்வி நியாயம்தான். வயரைக் குழாய்க்குள் விட்டு மண்ணுக்குள் தாழ்க்கலாம், மழை இருட்டினால் இரண்டு பக்கமும் கழற்றிவிடலாம். வெட்டிய குழாய்த் துண்டுகள் நானா கடைக்குப் பின்னால் குவிந்து கிடக்கின்றன. நாளைக்குக் காலமை சைக்கிளில் போகிறேன்.