சுமார் சாரின் ஆண்டுக் கணக்கு

அந்தக் கிளை நூலகத்துக்கு வருகிறவர்கள் நூலகரைச் ‘சுமார் சார்’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். எதைக் கேட்டாலும் ‘சுமாரா’ என்று ஆரம்பிக்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? இந்தப் புத்தகம் எப்போது திரும்பி வரும் சார்? சுமாரா ஒரு வாரம். இங்கே மொத்தம் எத்தனை புத்தகம் இருக்கும்? சுமாரா பத்தாயிரம், பதினஞ்சாயிரம். நடுவில் ஐயாயிரம் புத்தகம் காணாமல் போனது அவர் கண்ணில் படாது. மற்றபடி தங்கமான மனிதர். யார் எந்த நாவலை எந்த இடத்தில் வெறுத்துப் போய் மூடினார்கள் என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருக்கும். எண் என்று வந்தால் மட்டும் கை கழுவிவிடுவார்.

இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியுமா? நடத்திப் பார்த்தார். மனைவி அதே நூலகத்தில் எதிர் மேஜைக்காரி. தலைமையகத்துக்கு ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய புள்ளிவிவரத்தை அவள்தான் தயாரிப்பாள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் இரவல் போனது, எத்தனை பேரின் கேள்விக்குப் பதில் தேடிக் கொடுத்தோம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து எழுதுவாள். இவர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். படித்துப் பார்த்ததில்லை.

ஒரு முறை அவளுக்குக் கழுத்தில் கட்டி என்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். “நீ தைரியமா போ, சுமாரா நாலு மணிக்கெல்லாம் வந்துடறேன்” என்றார். அவர் வந்தபோது வார்டில் விளக்குப் போட்டுவிட்டார்கள். அவளை உள்ளே கொண்டுபோய், வெளியே கொண்டுவந்தாயிற்று, மயக்கமும் தெளிந்திருந்தது. சாதாரணக் கட்டிதான் என்பதை அவளே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். தன்னை ஒரு வாசகர் வாசலில் பிடித்துக்கொண்ட கதையை இவர் ஆரம்பித்தார்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. தலைமையகத்துக்கு மாற்றல் கேட்டாள், கிடைத்தது. ரயிலில் அரை நாள் தூரம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, “உங்க கணக்குல நானும் ஒரு குத்துமதிப்புதானே” என்று மட்டும் சொன்னாள். பிரிவு என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. அவள் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

ஆண்டு முடிவில் படிவம் வந்தது. இந்தத் தடவை அவரே நிரப்ப வேண்டியதாயிற்று. வருகை நாற்பதாயிரம், இரவல் முப்பதாயிரம், கேள்விகள் ஆயிரம் என்று ஒரே மூச்சில் அடித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

இரண்டு வாரம் கழித்துப் போன் அடித்தது.

“கிளை நூலகரா? புள்ளிவிவரப் பிரிவுலேருந்து பேசறேன்.”

அந்தக் குரலைக் கேட்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“வருகை நாற்பதாயிரம்னு போட்டிருக்கீங்க. யார் எண்ணினது?”

“இல்ல… சுமாரா…”

“சுமாரான்னு படிவத்துல கட்டம் கிடையாது. போன வருஷத்தை விட இவ்வளவு ஏறியிருக்கு. திடீர்னு ஊரே படிக்க ஆரம்பிச்சுடுச்சா?”

ஒவ்வொரு கட்டமாக எடுத்து வெளுத்து வாங்கினாள். அவர் மழையில் நிற்கிற மாடு போல நின்று வாங்கிக்கொண்டார். பக்கத்து அறையில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து அட்டை போட்டுக்கொண்டிருந்த பைண்டர் எட்டிப் பார்த்தார்.

“யார் சார் போன்ல? திட்டு இங்க வரைக்கும் கேக்குது.”

“வீட்டம்மா.”

“அதான் பார்த்தேன், சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிறீங்களேன்னு.”

படிவத்தில் சந்தேகம் இருந்தால் கிளைக்குப் போன் செய்து கேட்க வேண்டும் என்பது பிரிவின் விதி. சுமார் சாரின் படிவத்தில் சந்தேகத்துக்குப் பஞ்சமா? வருஷா வருஷம் அவள் கூப்பிட்டாள், வருஷா வருஷம் இவர் எழுந்து நின்றார். அவளுக்கு ஜலதோஷம் பிடித்திருந்தால் குரலிலேயே தெரியும். அன்று முழுக்க இவருக்கு வேலை ஓடாது. ஒரு தடவை அவள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு யாருடையது என்று மாதக்கணக்கில் யோசித்தார். வீட்டில் அவள் சாப்பிட உட்காரும் நாற்காலியை அவர் நகர்த்தவே இல்லை. அந்த ஒரு போனை நினைத்துத்தான் மற்ற நாட்களை ஓட்டினார் என்று சொன்னால் மிகையில்லை.

ஆசை சும்மா இருக்க விடுமா? தான் மாறிவிட்டதை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. விதிப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தார். கட்டை விரலால் அழுத்தினால் எண் ஒன்று கூடுகிற சின்னக் கருவி ஒன்றை வாங்கி மேஜையில் வைத்தார். அவர் எழுந்து போனால் பைண்டர் அழுத்த வேண்டும். பைண்டருக்கோ ஆயிரம் சந்தேகம்.

“டீ குடிச்சுட்டுத் திரும்பி வர்றவரு?”

“இன்னொரு தடவை அழுத்துங்க.”

“இடுப்புல இருக்கிற குழந்தை?”

“அதுவும் ஒண்ணு.”

“அதுக்குப் படிக்கத் தெரியாதே சார்!”

“படிக்கிறவங்களை எண்ணச் சொல்லல. வர்றவங்களை எண்ணச் சொல்லியிருக்கு.”

“அப்போ மழைக்கு ஒதுங்கினவன்?”

“கதவுக்கு உள்ளே ஒதுங்கினா ஒண்ணு. வெளியே நின்னா இல்ல.”

படித்த புத்தகத்தை யாரும் அலமாரியில் திருப்பி வைக்கக் கூடாது, மேஜையிலேயே விட வேண்டும் என்று பலகை மாட்டினார். அங்கேயே உட்கார்ந்து படித்தவையும் கணக்கில் வர வேண்டுமே. நல்லபிள்ளையாக எடுத்து வைத்தவர்களுக்குத் திட்டு விழுந்தது. சுமார் சாருக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். ஆண்டு முடிவில் நிரப்பிய படிவத்தில் ஒரு எண்கூடச் சைபரில் முடியவில்லை. அதைத் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். அவள் என்ன சொல்வாள், தான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் மனக்கோட்டை கட்டிக்கொண்டே அனுப்பினார்.

போன் வரவில்லை. நாளைக்கு லீவா என்று கேட்கிறவர்கள் கூப்பிட்டார்கள், தப்பு நம்பர்கள் வந்தன. கடைசியில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது: ‘படிவம் ஏற்கப்பட்டது. சந்தேகம் எதுவும் இல்லை.’

அவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சரியாக எழுதி அனுப்புகிறவனிடம் பேச என்ன இருக்கிறது? இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று நொந்துபோனார்.

அடுத்த ஆண்டும் ஒன்று விடாமல்தான் எண்ணினார், பழகிவிட்டது. இரவல் போனது பத்தொன்பதாயிரத்து நானூற்று இருபத்தேழு. படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. முதல் இரண்டு இலக்கத்தை இடம் மாற்றினால் போதும், தொண்ணூற்றோராயிரம் ஆகிவிடும். அவள் கூப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் பழைய ஆளேதான் என்று நினைத்துவிடுவாள். இவர் மாறியதற்கு அவளிடம் இருக்கிற ஒரே சாட்சி அந்தச் சரியான கணக்குதான். அதையும் கெடுத்துக்கொண்டு குரலைக் கேட்க வேண்டுமா? வேண்டும் என்று இருந்தது. மாற்றி எழுதினார்.

சரிபார்க்க வந்த பைண்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “இவ்வளவு போயிருந்தா அலமாரியும் சேர்ந்து போயிருக்கணுமே சார்.”

“கை தவறிடுச்சு.”

“அப்போ திருத்திடுங்க.”

“இருக்கட்டும்.”

பைண்டர் பசைக் கிண்ணத்துக்குத் திரும்பிவிட்டார்.

அந்த ஆண்டும் போன் வரவில்லை. எல்லாக் கிளைகளின் கணக்கும் அச்சாகிப் புத்தகமாக வந்தது. தன் கிளையைத் தேடினார். பத்தொன்பதாயிரத்து நானூற்று இருபத்தேழு என்று சரியாகவே இருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: ‘கிளையின் எழுத்துப் பிழை. மாதச் சீட்டுகளைக் கூட்டித் திருத்தப்பட்டது.’

மாதாமாதம் அனுப்புகிற இரவல் கணக்குச் சீட்டுகள் அவளிடமே இருப்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. உட்கார்ந்து கூட்டியிருக்கிறாள். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பார்த்திருக்கிறாள், புரிந்துகொண்டிருக்கிறாள், கூப்பிடவில்லை. தன் ஏக்கத்துக்கு அவள் வைத்த பெயர் எழுத்துப் பிழை என்று நினைத்தபடி அந்தப் பக்கத்தைப் பைண்டரிடம் நீட்டினார்.

“ஏன் சார், நீங்க கூப்பிட்டா என்ன?” என்றார் பைண்டர்.

சுமார் சார் திருதிருவென முழித்தார். அவள் கூப்பிட்டால் அது வேலை. இவர் என்ன உரிமையில் கூப்பிடுவது? இத்தனை ஆண்டும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பைண்டர் போனை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, வேலை இருப்பதுபோல வெளியே போய்விட்டார்.

“புள்ளிவிவரப் பிரிவு.”

“நான்தான்.”

 “என்ன சந்தேகம்?” என்றாள்.

“சந்தேகம் ஒண்ணும் இல்ல. நீ எப்படி இருக்கே?”

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. 

“அந்த எண்ணை வேணும்னே மாத்தினீங்கன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது,” என்றாள். “போனைக் கையில எடுத்துட்டேன். கணக்கு கேக்கறதுக்காக இனிமே இவரைக் கூப்பிடறதில்லைன்னு போனைத் திருப்பி வெச்சுட்டேன். ஒவ்வொரு வருஷமும் ரெண்டு நிமிஷத்துல முடியறதை அரை மணி நேரம் இழுத்தேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? இப்போ கேட்டீங்களே, இதை ஒரு தடவையாவது கேப்பீங்கன்னுதான். நீங்க, நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு நின்னீங்க. அப்புறம் ஒரு வருஷம் எல்லாத்தையும் சரியா எழுதி அனுப்பினீங்க.”

“உனக்குக் காட்டணும்னுதான்…”

“இனிமே கூப்பிடாதேன்னு சொல்றீங்கன்னு நினைச்சேன்.” அவள் குரல் கம்மிப்போயிருந்தது. “ஒரே ஒரு தப்பாவது கிடைக்காதான்னு அந்தப் படிவத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியா இருந்தது.”