எட்டரை மணி வரைக்கும் ஒரு குரங்கு

குரங்கை வீட்டில் வளர்க்கலாமா என்று இதுவரை யாரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. கேட்டால் சொல்வதற்கு நிறைய வைத்திருக்கிறேன். நாயைப் போல அதற்குச் சொன்ன பேச்சு ஏறாது. பூனையைப் போலத் தன்பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கவும் கிடக்காது. இருந்த இடத்திலேயே ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகும். சீப்பு, சாவி, ரேஷன் கார்டு, எது கையில் கிடைத்தாலும் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே போடும். இவ்வளவும் தெரிந்த பிறகும், கைப்பேசியில் யாராவது குட்டிக் குரங்குக்குக் கவுன் மாட்டிப் பால் புட்டி கொடுத்துப் படம் போட்டிருந்தால் என்னால் தள்ளிவிட்டுப் போக முடிவதில்லை. கடைசி வரை பார்க்கிறேன். பார்த்து முடித்ததும் மனசு கனத்துப் போகிறது.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது அனுப்பர்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா அதே கம்பெனியில் செக்கிங். வெளிநாட்டுக்குப் போகும் குழந்தைத் துணிகளில் ஓட்டை, கறை, பிசிறு இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. இரண்டு பேருக்கும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் முடியும். நான் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பூட்டைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன்.

எதிரில் பாத்திரப் பட்டறை. அங்கே தட்டும் சத்தம் கேட்கிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. ஆறு மணிக்குப் பட்டறையை அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நேரம் நகராது. லைனில் மற்றவர்களும் கம்பெனிக்குப் போகிறவர்கள்தான். டிவியில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் எனக்கு அழுகை வரும். அழுததை நான் யாரிடமும் சொன்னதில்லை. "எம்புள்ள தனியா இருந்துக்குவாளுங்க, ஒரு தொந்தரவும் இல்லீங்க" என்று அம்மா என்னைப் பற்றி எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். அந்த நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

லைனின் கடைசி அறையில் என் மாமா, அம்மாவின் தம்பி, தனியாகத் தங்கியிருந்தார். டெம்போ ஓட்டுகிறவர். பகலில் தூங்குவார், சாயங்காலம் லோடு ஏற்றப் போவார். திருமுருகன்பூண்டியில் செதுக்கிய ஆஞ்சநேயர் சிலை ஒன்றை ஒரு மலைக்கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனவர், திரும்பி வரும்போது சட்டைக்குள் உயிருள்ள குரங்குக் குட்டி ஒன்றோடு வந்தார். மலைப்பாதையில் ஏதோ வண்டி அடித்துப் போட்டிருந்த தாயின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அது கிடந்ததாம். மாமாவுக்கு இளகிய மனசு. யோசனை மட்டும் எப்போதும் ஒரு நாள் கழித்துத்தான் வரும்.

"ஏன்டா, உனக்குப் புத்தி கித்தி இருக்குதா? இருக்கற ஒரு புள்ளையவே பாக்க நேரமில்லாத நாங்க திண்டாடறோம்" என்றாள் அம்மா.

"கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுங்க்கா. பகல்ல நான் பாத்துக்கறேன். பொழுதோட பாப்பாவுக்கும் ஒரு தொணையாட்டம் இருக்குமில்ல."

அம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் குட்டியைப் பிடித்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா, ஆஞ்சநேயரே வந்துவிட்டார் என்று வாழைப்பழத்தோடு இறங்கி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் மொட்டை மாடியில் காயப்போட்ட வடகத்தைக் குட்டி ஒருநாள் ருசி பார்த்தது. அன்றிலிருந்து ஆஞ்சநேயர் சனியன் ஆகிவிட்டார். காலி செய்யச் சொல்லப்போவதாக அப்பாவிடம் எச்சரிக்கையும் வந்தது.

எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு நான் லைனுக்குள் நுழையும்போதே மாமாவின் அறையிலிருந்து அது கத்த ஆரம்பிக்கும். என் காலடிச் சத்தம் அதற்குத் தெரியும். எனக்காக ஒரு உயிர் கத்திக்கொண்டு காத்திருக்கிறது என்பதில் நான் தலைகால் தெரியாமல் போனேன். மாமா கதவைத் திறந்ததும் தாவி வந்து என் வயிற்றைக் கட்டிக்கொள்ளும். அப்படியே எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவேன். என் தலையைப் பிரித்துப் பிரித்துப் பேன் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் என் தலையை அவ்வளவு நேரம் யாரும் தொட்டதில்லை.

கம்பெனியில் கழித்துப் போட்ட கைக்குழந்தை உடை ஒன்றை எடுத்து, வாலுக்கு ஓட்டை வெட்டி அதற்கு மாட்டினேன். அப்பா வந்ததும் குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் ஒரு இஞ்ச் மேல வெட்டியிருக்கோணும் கண்ணு. பாரு, உக்காந்தா இழுக்குது." இரண்டு நாள் கழித்து, வால் ஓட்டைக்குச் சுற்றிலும் நாடா வைத்துத் தைத்த சட்டை ஒன்றைச் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். குரங்கு அதைப் போட்ட வேகத்தில் கிழித்துப் போட்டது. துணி நல்ல துணிதான் என்று அப்பா தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும், குட்டி என்னை விடவில்லை. அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தபோது என் மணிக்கட்டுக்கு மேலே கடித்துவிட்டது. இரத்தம் வந்தது. வலியைவிட எனக்குப் பயம்தான் பெரிதாக இருந்தது. அம்மா பார்த்தால் அன்றைக்கே குட்டியை அனுப்பிவிடுவாள். மறுநாள் வேகாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். குட்டி இல்லாமல் இனி அந்த ஆறு மணியைத் தாண்ட முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அன்று கம்பெனியில் ஜெனரேட்டர் பழுதாகி, அம்மாவைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். அது எனக்குத் தெரியாது. நான் உள்ளே அம்மா விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். நான்தான் அம்மா. அம்மாவின் பழைய துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்த குட்டியிடம் தினமும் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தாப்பாப் போட்டுக்கோ கண்ணு. ஆரு கூப்புட்டாலும் தொறக்கப்படாது. பயமா இருந்தா டிவியச் சத்தமா வெச்சுக்கோ. அழுகாத இருக்கோணும், என்ன? நீ தங்கமான புள்ளையல்லோ. அம்மா எட்டரைக்கு வந்துருவேன்."

கம்பெனிக்குக் கிளம்புகிற பாவனையில் கதவைத் திறந்தேன். அம்மா வெளியே நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கதவைத் தட்டுவதற்குத் தூக்கிய மாதிரி ஒரு கை பாதியில் நின்றது. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கட்டிலில் குட்டியைப் பார்த்து அவளுக்குக் கோபம் என்று நான் முடிவு கட்டினேன். சட்டைக் கையை இழுத்துவிட்டேன். அவள் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. மாமாவின் அறையில் குட்டியை அடைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஊசி போட்டுத் திரும்பி வரும் வழியெல்லாம் என்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். மடியில் உட்காரும் வயது எனக்குத் தாண்டியிருந்தது. காலை மடக்கிக்கொண்டு, குட்டியை எங்கே ஒளித்து வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஒளித்து வைக்க முடியவில்லை. மறுநாள் காலையிலேயே அப்பா சொல்லி வனத்துறைக்காரர் ஒருவர் கூண்டோடு வந்துவிட்டார். குரங்கை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்று மாமாவுக்கு ஒரு பாட்டு விழுந்தது. மாமா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். குட்டி என் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தியது. மூன்று பேர் சேர்ந்துதான் அதைப் பிரித்தெடுத்தார்கள். என் சட்டையில் ஒரு பொத்தான் அதன் கையோடு போயிற்று.

அம்மா அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தனியா வெச்சு வளத்துனா என்னங்க ஆகும்?"

"கூட்டத்தோட இருக்கற சாதிங்க இது. தனியா வெச்சாலும் செத்தெல்லாம் போயிராதுங்க, பழகிக்கும். அப்படிப் பழகறதுதாங்க கெடுதல்" என்றார் அவர்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றைக்கு அவள் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். எனக்குப் பிடித்த பருப்பும் சோறும் ஆக்கி, நெய் விட்டுப் பிசைந்து வைத்தாள். நான் தொடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, பட்டறையில் தட்டுகிற சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மா வந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமையும் வந்தாள். அதற்குப் பிறகு அவள் ஒன்றரை ஷிப்டுக்குப் போகவே இல்லை. அவசர ஆர்டர் இருக்கும்போது அந்த அரை ஷிப்டை விடுவதற்கு அவள் சூப்பர்வைசரிடம் என்னென்ன பேச்சு வாங்கியிருப்பாள் என்பதெல்லாம், நானும் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மாமாவிடம் சொல்லி நான் இன்னொரு குட்டியைக் கொண்டுவந்துவிடுவேன் என்று பயந்து, என்னைக் காவல் காக்க வருகிறாள்.

தலை சீவிவிடட்டுமா என்று சீப்பும் கையுமாகப் பக்கத்தில் வந்து உட்காருவாள். வேண்டாம் என்பேன். "இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன கண்ணு நடந்துச்சு?" என்று கேட்பாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து எழுதிக்கொண்டே, ஒன்றுமில்லை என்பேன். அவளும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போவாள். ஒரே அறைக்குள் நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்து எட்டரை மணி ஆக்குவோம். அந்த வருஷம் பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் அவள் தினமும் கேட்டாள். எத்தனை நாளைக்குத்தான் இப்படிக் காவல் இருப்பாள், பார்த்துவிடலாம் என்று நானும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.